தென்னை நிழலில் நாம்பன் கன்று

நீர்கொழும்பிலிருந்து வடக்கே சிலாபம் வழியாகப் புத்தளம் நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் தென்னந்தோட்டங்களைக் காணலாம். அவற்றின் நிழலில் கயிற்றளவுக்கு மேய்ந்து நிற்கும் மாடுகள் இக்கரையோரத்தின் பழகிய காட்சியாகும். அவற்றுள் நாம்பன் கன்றின் நிலை தனியானது. பால் விற்பவருக்கு அது வேண்டாத விருந்தாளி; அது குடிக்கும் பால் விற்பனைக்கு எட்டாத பாலன்றோ! 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் பசுவினத்தை அறுப்பதற்குக் கட்டுப்பாடு விதித்திருப்பதால், இறைச்சிக்கென வளர்ப்பது பெரும்பாலும் இந்த ஆண்கன்றையே. ஒருவர் கழிக்க விரும்புவதை மற்றொருவர் வாங்கி வளர்க்கிறார். வாணிகம் அங்கே தொடங்குகிறது.

வளர்ப்பவரின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நூறு கிலோ எடையுள்ள கன்றொன்றை, உயிரெடை கிலோ 600 ரூபாவாக, 60,000 ரூபாவுக்கு வாங்குவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 300 கிராம் வீதம் வளர்ந்து, ஏறக்குறைய பதினொரு மாதத்தில் அது 200 கிலோவை எட்டுகிறது. அதே விலை நிலைத்தால் 1,20,000 ரூபா கிடைக்கும். தீவனம், மருந்து, கூலி முதலியவற்றுக்கு 45,000 ரூபா செலவானால் எஞ்சுவது 15,000 ரூபா. விலை கிலோவுக்கு 80 ரூபா வீழ்ந்ததென்றால் வரவு 1,04,000 ஆகிவிடுகிறது. இலாபம் முழுவதும் போய், ஆயிரம் ரூபா நட்டமும் சேர்கிறது. வளர்த்த எடையில் மட்டுமன்று, முன்னரே 600 ரூபா கொடுத்து வாங்கிய நூறு கிலோவிலும் அந்த வீழ்ச்சி விழுவதே இதற்குக் காரணம். வாங்கும்போது சற்று விலை பேசத் தயங்குபவர் விற்கும்போது இரட்டிப்பாக அதனை உணர்கிறார்.

நாட்களும் பணமே. கோடையில் புல் காய்ந்து வளர்ச்சி 200 கிராமாகக் குறைந்தால், அதே நூறு கிலோவை ஏற்ற 500 நாட்கள் வேண்டும். புத்தளக் கரையோரத்தில் ஆண்டின் நடுப்பகுதி வறண்டது. பெருமழை ஐப்பசி, கார்த்திகையிலேயே வரும். ஆகையால், மழை தொடங்கும் முன் மெலிந்த கன்றை மலிவாக வாங்கிப் புல் செழித்த மாதங்களில் தேற்றுபவர் கெட்டிக்காரர்.

விலையைத் தனியொருவர் நிர்ணயிக்க இயலாது. கோழி இறைச்சி கூடவே போட்டியிடுகிறது. வடமேல் மாகாணமே கோழி வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. தேங்காய்ப் புண்ணாக்கையோ கறவை மாடும் கேட்கிறது. ஆதலின் விலைகொடுத்து வாங்கும் தீவனத்தை நம்புவோர் முதலில் தளர்வார்கள். நிற்பவர், புல்லுக்குத் தனி நிலம் தேடாதவரே. முதிர்ந்த தென்னைகளுக்கிடையே வெயில் போதிய அளவு தரையில் விழுகிறது; அங்கு வளரும் புல்லும், வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைத் தழையும் செலவின்றிக் கிடைக்கின்றன. சாணம் மரத்துக்கு உரமாகிறது. லுணுவிலயிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் தென்னையின் கீழ் புல்லும் கால்நடையும் சேர்ந்த இம்முறையை ஆராய்ந்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சி மாடு கட்டினால் மண் இறுகி, மரத்துக்குரிய நீரைப் புல்லும் பங்கிட்டுக்கொள்ளும் என்பதையும் மறக்கலாகாது.

எதிர்பாராத இடர்களும் உண்டு. 2023ஆம் ஆண்டில் வடமேல் மாகாணத்தில் தோற்கழலை நோய் பரவியபோது மாடுகளைக் கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. விற்க முடியாமல் நின்ற மாடு நாள்தோறும் தின்றுகொண்டே இருந்தது. அந்நாட்களில் கடன் வாங்கி வளர்த்தவர் வட்டியையும் சேர்த்தே சுமந்தார். புல்லைச் சொந்தமாக உடையவருக்குக் காத்திருக்க முடிந்தது.

விற்கும் நாளைத் தெரிவதிலும் நுட்பம் உண்டு. போயா நாட்களில் இறைச்சிக்கடைகள் மூடப்படும். ஹஜ்ஜுப் பெருநாளை முன்னிட்டோ புத்தளம், கற்பிட்டி முதலிய ஊர்களில் குர்பானுக்காக நல்ல காளைகளைத் தேடி வருவர். அப்போது பேரம் வளர்ப்பவர் பக்கம் சாயும். பிறைக் கணக்கில் அப்பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வருவதால், கன்று வாங்கும்போதே அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.