இலை போட்ட பிறகு

கல்யாணப் பந்தியில் இலை போட்டாகிவிட்டால் நிறுத்த முடியாது. சாம்பாரில் உப்பில்லை என்று இருநூறு பேரை எழுப்பி மறுபடி உட்கார வைக்க ஆகுமா? சாதாரணப் படப்பிடிப்பு வீட்டுச் சமையல். தீய்ந்ததைக் கொட்டிவிட்டுத் திரும்ப வைக்கலாம். பிலிப் பாரன்டினி இயக்கிய ‘பாயிலிங் பாயின்ட்’ (2021) என்ற பிரிட்டிஷ் படம் பந்தி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நெரிசலான ஒரு வெள்ளிக்கிழமை இரவு, லண்டன் உணவகம் ஒன்று, ஒன்றரை மணி நேரம், ஒரே ஷாட். ‘பேர்ட்மேன்’, ‘1917’ படங்களைப் போல ஒட்டுத் தெரியாமல் சேர்த்ததல்ல. கேமராவை ஓடவிட்டவர்கள் முடிகிறவரை அணைக்கவே இல்லை.

எப்படி நடக்கிறது? பந்தியின் தலையெழுத்து முதல் நாள் ராத்திரி காய் நறுக்கும்போதே எழுதப்பட்டுவிடும். இங்கேயும் அப்படித்தான். பாரன்டினி பல வருஷம் உணவக அடுப்படியில் வேலை பார்த்தவர். இதே கதையை 2019இல் ஒரே ஷாட் குறும்படமாக எடுத்துப் பார்த்துவிட்டார். பெரிய படத்துக்கு டால்ஸ்டன் பகுதியில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்த உணவகமே களம். நான்கு இரவுகளில் எட்டு முறை எடுப்பதாகத் திட்டம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து நான்கோடு நிறுத்தியது. நாம் பார்ப்பது மூன்றாவது.

பரிமாறுகிறவர் நடக்கிற வழியில்தான் கேமராவும் நடக்கிறது. பணிப்பெண் தட்டோடு மேசைக்குப் போகிறாள். ஆட்டுக்கறி உள்ளே சிவப்பாக இருக்கிறது, வேகவில்லை என்கிறார் சாப்பிட வந்தவர். அவள் தட்டைத் திருப்பிக் கொண்டுவர, அடுப்படியில் சண்டை மூள்கிறது. பார்ப்பவருக்கு அது வெறும் நடை. ஆனால் கேமரா கூடத்தில் இருக்கும் அந்த நேரத்தில்தான் உள்ளே இருப்பவர்கள் அடுத்த காட்சிக்குத் தயாராகிக்கொள்ள முடியும். எப்போது வேண்டுமானாலும் கேமரா திரும்பலாம் என்பதால் மூலையில் நிற்பவருக்கும் ஓய்வில்லை.

வித்தை காட்டுவதற்காக மட்டும் இப்படி எடுத்திருந்தால் நான் பாதியில் எழுந்திருப்பேன். கதையே முன்தயாரிப்பில் கோட்டைவிட்டவனைப் பற்றியது என்பதுதான் விசேஷம். தலைமைச் சமையல்காரர் ஆன்டி (ஸ்டீபன் கிரஹாம்) தனிக்கடை போடும் ஆசையில், முன்னாள் முதலாளியிடமே இரண்டு லட்சம் பவுண்டு கடன்பட்டவர். பதிவேடுகளை எழுதாமல் விட்டதால், அவர் வந்ததும் வராததுமாகச் சுகாதார அதிகாரி கடையின் மதிப்பெண்ணை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்குகிறார். அதே இரவு கடன் கொடுத்தவர் ஒரு விமர்சகரையும் அழைத்துக்கொண்டு சாப்பிட வந்து உட்காருகிறார். கொட்டைப்பருப்பு ஒவ்வாத பெண்ணின் தட்டில் வால்நட் எண்ணெய் எப்படிப் போனது என்று தேடினால், நூல் ஆன்டியிடமே வந்து முடிகிறது. பிளாஷ்பேக் போட்டு நினைவூட்ட வழியில்லாததால், அவர் கையைவிட்டு இறங்காத மது பாட்டிலை முதலிலிருந்தே நம் கண்ணில் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த முறைக்கு நஷ்டமும் உண்டு. இனிப்புப் பிரிவில் உதவிக்கு நிற்கும் பையனின் சட்டைக் கையை ஏற்றிவிடும்போது, அவன் தன்னையே கீறிக்கொண்ட தழும்புகளை அங்கே வேலை செய்யும் பெண் பார்த்துவிடுகிறாள். ஒன்றும் கேட்காமல் அவனைக் கட்டிக்கொள்கிறாள். படத்தின் ஆகச்சிறந்த இடம் அதுதான். ஆனால் வெளியே மேசைகள் காத்திருக்கின்றன, கேமரா கிளம்பியாக வேண்டும். வெட்டித் தொகுக்கும் படமாக இருந்தால் அந்தப் பையனுக்கு இன்னும் இரண்டு காட்சியாவது கிடைத்திருக்கும்.