ரக்பி விதிகளும் புதிய பார்வையாளர்களும்

ரக்பி யூனியன் என்பது அணிக்கு 15 பேர் கொண்டு 80 நிமிடங்கள் ஆடப்படும் பந்து விளையாட்டாகும். இதன் விதிகளும் நடுவர் தீர்ப்புகளும் சிக்கலாக இருப்பதால் புதிதாகப் பார்க்க வருவோர் விலகிப் போகிறார்களா என்பது நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வரும் கேள்வியாகும்.

அடிப்படை எளிதுதான். பந்தைக் கையில் எடுத்து ஓடலாம், உதைக்கலாம். கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோ எறிய வேண்டும். எதிரணியின் கோல் கோட்டிலோ அதைக் கடந்தோ பந்தைத் தரையில் அழுத்தினால் 5 புள்ளிகள். இது டிரை எனப்படுகிறது. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு இடையே உதைத்தால் மேலும் 2 புள்ளிகள். பெனால்ட்டி உதைக்கும் டிராப் கோலுக்கும் 3 புள்ளிகள். (டிரை என்றால் முயற்சி. தொடக்க காலத்தில் பந்தைத் தரையில் வைப்பதற்குப் புள்ளி கிடையாது. கோலுக்கு உதைத்துப் பார்க்கும் உரிமை மட்டுமே கிடைத்தது. பெயர் அப்படியே தங்கிவிட்டது.) இவ்வளவையும் பத்து நிமிடத்தில் ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ரக்: சிக்கலின் மையம்

பந்து வைத்திருப்பவர் பிடித்து வீழ்த்தப்பட்டதும் குழப்பம் தொடங்குகிறது. விழுந்தவர் பந்தை உடனே விட வேண்டும். வீழ்த்தியவர் அவரை விட்டு விலகி உருள வேண்டும். உதவிக்கு வருவோர் தம் பக்கத்தின் பின்புறமிருந்தே நுழைய வேண்டும். கீழே விழாமல் நிற்கவும் வேண்டும். தரையில் உள்ள பந்தின் மேல் இரு அணியினரும் நின்றபடி மோதினால் அது ரக் ஆகிவிடும். அதன்பின் புதிதாகக் கை வைக்கக் கூடாது. இத்தனையும் இரண்டு மூன்று நொடிகளில், ஏழெட்டு உடல்களுக்கு அடியில் நடக்கின்றன. ஒரே ரக்கில் இரு அணியும் பிழை செய்திருக்கலாம். எது முதலில் நேர்ந்தது, எது ஆட்டத்தைப் பாதித்தது என்பதை நடுவரே முடிவு செய்கிறார்.

கிரிக்கெட்டின் எல்.பி.டபிள்யூ. விதியும் எளிதன்று. ஆனால் அங்கே ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் ஆட்டம் நிற்கிறது. மறுஒளிபரப்பைப் பார்த்தே பலர் அவ்விதியைக் கற்றுக்கொண்டனர். ரக்பியில் பிழை நடந்த பிறகும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். நடுவர் கையை நீட்டி, பாதிக்கப்பட்ட அணிக்குச் சாதக வாய்ப்புத் தருகிறார். பயன் விளையாவிட்டால் பழைய இடத்துக்கே ஆட்டத்தைக் கொண்டு வருகிறார். அரை நிமிடத்துக்கு முந்தைய பிழைக்கு இப்போது ஊதல் ஏன் என்று புதியவர் விழிப்பது இயல்பே. ஆகவே விதிகளின் எண்ணிக்கையைவிட, அவை மீறப்படுவது கண்ணுக்குத் தெரியாமல் போவதே பெரிய தடை எனலாம். நடுவரின் ஒலிவாங்கியைத் தொலைக்காட்சியில் கேட்கச் செய்தது இதற்கு நல்ல மருந்து. தீர்ப்பின் காரணம் அவர் வாயாலேயே வந்துவிடுகிறது.

2023 இறுதியாட்டம்

2023 அக்டோபர் 28 அன்று பாரிசு அருகே நடந்த உலகக்கோப்பை இறுதியில் தென்னாப்பிரிக்கா 12-11 என நியூசிலாந்தை வென்றது. நியூசிலாந்துத் தலைவர் சாம் கேனுக்கு முதலில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டது. அவர் வெளியே அமர்ந்திருக்கும்போதே காணொளி மறுஆய்வில் அது சிவப்பானது. ஆடவர் உலகக்கோப்பை இறுதியில் சிவப்பு அட்டை பெற்ற முதல் வீரர் அவரே. தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசியின் மோதலும் மறுஆய்வுக்குப் போனது. அது மஞ்சளாகவே நின்றது. மோதலின் அபாய அளவைக் கொண்டு வேறுபடுத்தினார்கள் என்பது பழகியவருக்குப் புரியும். முதன்முறை பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆரன் சிமித்தின் டிரையும், அதற்கு வெகு முன்பு பந்து கை தவறி முன்னே போனது காணொளியில் தெரிந்ததால் மறுக்கப்பட்டது. காணொளி நடுவர் டாம் ஃபோலி, இணையத்தில் வந்த வசைகளையடுத்துப் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து விலகினார். குழப்பத்தின் விலையைப் பார்வையாளர் மட்டும் கொடுப்பதில்லை.

எளிமையாக்கும் முயற்சிகள்

உலக ரக்பி அமைப்பு விதிநூலை எளிய நடையில் மாற்றி எழுதி 2018 இல் நடைமுறைப்படுத்தியது. நூல் வெகுவாகச் சுருங்கியது, ஆட்டம் சுருங்கவில்லை. 2024 இல், ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக ஸ்கிரம் கேட்கும் வாய்ப்பு நீக்கப்பட்டது. ஸ்கிரம் என்பது அணிக்கு எட்டுப் பேர் கோத்து நின்று தள்ளுவது. அது சரிந்து மீண்டும் மீண்டும் அமைக்கப்படுகையில் பார்ப்பவர் பொறுமை இழப்பது உண்மை.

துணிந்து வெட்டியவர்கள் வேறு பாதையில் போனார்கள். வேலையிழப்புக்கு ஈடாகப் பணம் தருவது பற்றிய தகராறில் 1895 இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்து, பின்னர் ரக்பி லீக் ஆட்டத்தை உருவாக்கின. அதில் 13 பேர். ரக் போராட்டம் இல்லை. ஆறு முறை வீழ்த்தப்பட்டால் பந்து எதிரணிக்கு. ஏழு பேர் ஆடும் செவன்ஸ் வடிவம் 2016 இல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

ஆனால் யப்பானின் அனுபவம் வேறு. 2015 இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நேரத்தில் 3 புள்ளிகள் பின்தங்கியிருந்த யப்பான், பெனால்ட்டியை உதைத்துச் சமன் செய்யாமல் ஸ்கிரம் கேட்டு, டிரை அடித்து 34-32 என வென்றது. சமனா, வெற்றியா என்ற அந்தத் தேர்வை விளங்கிக்கொள்ள ஸ்கிரம் விதி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2019 இல் அந்நாடே உலகக்கோப்பையை நடத்தியது. ரக்பியை அதுவரை பாராதவர்களும் திரளாகத் தொலைக்காட்சி முன் அமர்ந்தனர். விதிகளை ஆட்டம் நடக்க நடக்கவே அறிந்துகொண்டனர்.