உங்களுக்குத் தெரியுமா? கரி பூசிய முகங்களின் கதை

மாறுவேட விருந்துக்கு ஒரு வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு போகிறார். மறுநாள் படம் வெளியே வருகிறது, கண்டனம் எழுகிறது. ‘விளையாட்டுக்குச் செய்ததில் என்ன இனவெறி?’ என்று சிலர் கேட்கிறார்கள். அந்தப் பூச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும்.

★ பாட்டில் மூடியில் பிறந்த வேஷம்
19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் இந்த ஒப்பனைக்குப் பாட்டிலை மூடும் கார்க்கைப் பயன்படுத்தினார்கள். அதைத் தீயில் கருக்கிப் பொடித்து, தண்ணீரில் குழைத்து, முகம், கழுத்து, காது மடல் என்று எல்லா இடத்திலும் தேய்ப்பார்கள். வாயைச் சுற்றி மட்டும் பூசாமல் விடுவார்கள், அல்லது வெள்ளையோ சிவப்போ தீட்டுவார்கள். உதடு இரண்டு மடங்கு தடித்துத் தெரியும். தலையில் சுருள்முடி விக். இந்த முகம் எந்த மனிதரைப் போலவும் இருக்காது. பார்த்த மாத்திரத்தில் கூட்டம் சிரிக்க வேண்டும் என்றே செய்யப்பட்ட முகம் அது. இதற்குப் பெயர் ‘பிளாக்ஃபேஸ்’.

★ கோமாளியின் பெயரில் சட்டம்
தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் 1830 வாக்கில் ‘ஜிம் க்ரோ’ என்ற கறுப்புப் பாத்திரமாக ஆடிப் பாடிப் பெரும் புகழ் பெற்றார். பின்னாளில் அமெரிக்கத் தென் மாநிலங்கள் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, தனிக் குடிநீர்க் குழாய் என்று ஒதுக்கி வைத்தன. அந்தச் சட்டங்களுக்கு ‘ஜிம் க்ரோ சட்டங்கள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

★ அப்போதே எதிர்த்தவர்
‘அந்தக் காலத்தில் யாரும் தவறாக நினைக்கவில்லை’ என்பார்கள். உண்மை வேறு. 1843இல் ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ என்ற நால்வர் குழு நியூயார்க்கில் மேடையேறிய பிறகு, கரி பூசி ஆடும் மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சிகள் நாடெங்கும் பரவின. அடிமை முறை உயிரோடு இருந்த காலம். அடிமைகள் பாடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றே அந்த மேடைகள் காட்டின. அடிமைத்தளையிலிருந்து 1838இல் தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1848இல் தம் ‘நார்த் ஸ்டார்’ பத்திரிகையில், எங்கள் நிறத்தைக் களவாடிப் பிழைக்கிறார்கள் என்று கடுமையாகச் சாடினார்.

★ தன் முகத்துக்கே கரி
பெர்ட் வில்லியம்ஸ், பஹாமாஸில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1910இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற ‘ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்’ மேடையில் வெள்ளையருக்குச் சமமாக இடம் பிடித்த நகைச்சுவை நடிகர். அவரும் கார்க் கரியைப் பூசிக்கொண்டுதான் மேடை ஏறினார். கறுப்பர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று கூட்டத்தின் மனதில் அதற்குள் ஒரு முகம் பதிந்துவிட்டது. சொந்த முகத்தோடு வந்த கறுப்பருக்கு அங்கே இடமில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

★ பேசும் படத்தில்
வசனமும் பாட்டும் ஒலித்த முதல் முழுநீளப் படமாகப் போற்றப்படும் ‘தி ஜாஸ் சிங்கர்’ 1927இல் வந்தது. நாயகன் ஆல் ஜோல்சன் அதில் கறுப்பு பூசிக்கொண்டு பாடுகிறார்.

★ இருபது ஆண்டு ஒளிபரப்பு
‘தி பிளாக் அண்ட் வைட் மின்ஸ்ட்ரல் ஷோ’வை பிபிசி 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்த நிகழ்ச்சி. 1967இலேயே இனப் பாகுபாட்டை எதிர்த்த அமைப்பு ஒன்று நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தது. அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் ஓடியது.

★ புகைபோக்கிக் கரியா?
நெதர்லாந்தில் டிசம்பர் 5ஆம் தேதி செயின்ட் நிக்கோலஸ் விழா. அவருடைய கறுப்பு வேலையாளை ஆசிரியர் யான் ஸ்கெங்க்மன் 1850இல் ஒரு குழந்தைகள் புத்தகத்தில் சேர்த்தார். டச்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது 1863இல்தான். ‘கறுப்பு பீட்’ என்ற இந்த வேஷத்தின் நிறம் புகைபோக்கி வழியே இறங்கியதால் ஒட்டிய கரி என்று சமாதானம் சொல்வார்கள். சுருள்முடியும் தடித்த சிவப்பு உதடும் புகைபோக்கியில் ஒட்டுமா? 2015இல் ஐ.நா. குழு ஒன்று இதை மாற்றச் சொன்னது. இப்போது பல ஊர்களில் கன்னத்தில் இரண்டு கரிக் கீற்றோடு விழா நடக்கிறது. குழந்தைகளுக்கு மிட்டாய் குறையவில்லை.

★ பிரதமரின் பழைய படம்
பின்னாளில் கனடாவின் பிரதமரான ஜஸ்டின் ட்ரூடோ 2001இல் பள்ளி ஆசிரியராக இருந்தார். ‘அரேபிய இரவுகள்’ விருந்துக்குத் தலைப்பாகை கட்டி, முகத்திலும் கையிலும் கறுப்பு பூசிப் போனார். 2019 தேர்தல் நேரத்தில் அந்தப் படம் வெளியானது. அது இனவெறிச் செயல் என்று தாமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

★ கறுப்பு பூசாத ஒதெல்லோ
நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா 1891 முதல், கறுப்பு நாயகனைக் கொண்ட ‘ஒதெல்லோ’ இசை நாடகத்தை அரங்கேற்றி வந்தது. வெள்ளைப் பாடகர்கள் முகத்தைக் கறுப்பாக்கிக்கொள்வது அங்கே வழக்கம். 2015இல் அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். இசை அப்படியேதான் இருக்கிறது.

★ எல்லாமே ஒன்றா?
வெள்ளை எழுத்தாளர் ஜான் ஹோவர்ட் கிரிஃபின் 1959இல் மருந்து சாப்பிட்டு, தோலைக் கறுப்பாக்கி, தலையை மழித்துக்கொண்டு அமெரிக்கத் தென் மாநிலங்களில் வாரக்கணக்கில் அலைந்தார். ஒரு வாய்த் தண்ணீருக்கும், கழிப்பிடத்துக்கும் எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பதை உடம்பால் அறிந்து ‘பிளாக் லைக் மீ’ என்ற நூலாக எழுதினார். சொந்த ஊரில் அவர் உருவ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அவர் அந்த நிறத்தின் துயரத்தைத் தெரிந்துகொள்ளப் போனார். விருந்துக்குப் பூசிப் போகிறவர் அந்தத் துயரத்தின் பக்கமே போவதில்லை.

★ முத்துசாமி என்ற பெயர்ப்பட்டை
2019 ஜூலையில் சிங்கப்பூரில் மின்னணுக் கட்டண விளம்பரம் ஒன்று வந்தது. ஒரே சீன நடிகர் பல இனத்தவராக வேஷம் போட்டிருந்தார். அதில் ஒருவர் இந்தியர்: பழுப்பு பூசிய முகம், சட்டையில் ‘கே. முத்துசாமி’ என்ற பெயர்ப்பட்டை. தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊரில், நடிக்க ஒரு முத்துசாமியைத் தேடாமல் வண்ணத்தைத் தேடினார்கள். எதிர்ப்பு வந்ததும் விளம்பரம் விலக்கப்பட்டது, மன்னிப்பும் கேட்டார்கள். ஆத்திரத்தில் வசைச்சொல் கலந்து ராப் பாடல் வெளியிட்ட இந்திய வம்சாவளிச் சகோதரனும் சகோதரியும் போலீஸ் எச்சரிக்கை பெற்றார்கள். நம் தாத்தா பேரை அந்தச் சட்டையில் பார்க்கும்போது, ‘விளையாட்டுக்குத்தானே’ என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

★ அப்படியானால் என்ன செய்யலாம்?
பிடித்தவரைப் போல வேஷம் போட ஆசைப்படுவதில் தவறே இல்லை. உசேன் போல்ட்டாக வேண்டுமா? மஞ்சளும் பச்சையுமாய் ஜமைக்கா பனியன், வானத்தை நோக்கி வில் வளைத்த கை. மண்டேலாவா? பூவேலை போட்ட தொளதொளச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. அரங்கமே பெயர் சொல்லிக் கைதட்டும். அந்தக் கூட்டத்தில் கறுத்த பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால், அதுவும் சேர்ந்து கைதட்டும்.