துத்தநாக மின்கலங்கள்: ஆயுளைத் தீர்மானிக்கும் சிறு சேர்ப்புப் பொருட்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மாஸ் லேண்டிங் என்ற இடத்திலுள்ள லித்தியம் மின்கலச் சேமிப்பு நிலையத்தில் 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பெருந்தீ மூண்டது. அருகில் வசித்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். லித்தியம் மின்கலங்களில் மின்பகுளியாகப் பயன்படும் கரிமத் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. இதற்கு மாற்றாக, தீப்பற்றாத நீர்க்கரைசலில் இயங்கும் துத்தநாக மின்கலங்களை உருவாக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றன.

துத்தநாகம் மலிவானது, பரவலாகக் கிடைப்பது. 1800ஆம் ஆண்டில் வோல்ட்டா அறிவித்த முதல் மின்கல அடுக்கிலேயே அது இடம்பெற்றிருந்தது. ஆனால் அதை மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்வதே கடினமாக இருந்து வந்துள்ளது.

நீரே சிக்கல்

இவ்வகை மின்கலங்களில் பெரும்பாலும் துத்தநாக சல்ஃபேட் கரைசல் பயன்படுத்தப்படுகிறது. அதில் ஒவ்வொரு துத்தநாக அயனியையும் ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கின்றன. மின்னேற்றத்தின்போது அயனியுடன் இந்த நீரும் துத்தநாகத் தகட்டைச் சென்றடைகிறது. அங்கு நீர் சிதைந்து ஹைட்ரஜன் வாயு உருவாகிறது, தகடும் அரிக்கப்படுகிறது. தவிரவும், துத்தநாகம் சீராகப் படியாமல் ஊசி போல வளர்கிறது. இந்த ஊசிகள் மின்முனைகளுக்கு இடையிலுள்ள தடுப்பைத் துளைத்துவிட்டால் மின்கலம் பயனற்றதாகிவிடும்.

மூன்று வழிகள்

மின்பகுளியில் சிறிதளவு சேர்க்கப்படும் பொருட்கள் இதனைப் பல வழிகளில் தடுக்கின்றன. குளுக்கோஸ் போன்றவை அயனியைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகள் சிலவற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சோடியம் அயனிகள் ஊசி முனைகளில் திரண்டாலும் அங்கு உலோகமாகப் படிவதில்லை. மாறாக, துத்தநாக அயனிகளை விலக்கி, அவை வேறிடங்களில் சமமாகப் படியச் செய்கின்றன.

மூன்றாவது வழி எதிர்ப்புற மின்முனையைக் காப்பது. அங்குள்ள மாங்கனீசு டை ஆக்ஸைடு மெல்லக் கரைந்து போவது வழக்கம். கரைசலில் முன்கூட்டியே மாங்கனீசு சல்ஃபேட்டைச் சேர்த்தால் அந்த இழப்பு குறைகிறது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையில் 5,000 மின்னேற்றச் சுழற்சிகளுக்குப் பின்னரும் 92 சதவீதக் கொள்ளளவு எஞ்சியிருந்தது.

எஞ்சியுள்ள கேள்வி

எனினும் ஆய்வுக்கூட எண்களை அப்படியே சந்தைக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. சோதனைகள் பலவற்றில் தேவைக்கு மிக அதிகமான துத்தநாகமும் மின்பகுளியும் வைக்கப்படுகின்றன. அதில் சிறு பகுதி வீணானாலும் மின்கலம் தொடர்ந்து இயங்கும். விற்பனைக்கு வரும் மின்கலத்தில் அத்தகைய உபரிக்கு இடமில்லை.

துத்தநாக மின்கலத்தின் மின்னழுத்தம் லித்தியம் மின்கலத்தினுடையதில் பாதிக்கும் குறைவு என்பதால், அதே அளவு ஆற்றலுக்கு எடை கூடும். கைப்பேசிக்கு அது குறை. ஆனால் சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் வீட்டிலோ மருத்துவமனையிலோ, எடையைவிடத் தீப்பற்றாமையே முக்கியம். அங்கு இந்த மின்கலம் இடம்பெறுமா என்பது, சேர்ப்புப் பொருட்கள் உபரியின்றியும் பலனளிக்கின்றனவா என்பதைப் பொறுத்தே அமையும்.