கையெழுத்து யாருடையது?

2009ஆம் ஆண்டு இந்தியாவில், அன்றைய ஆந்திர மாநிலத்துக் கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயது வரையான ஏறத்தாழ 14,000 சிறுமிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி ஏற்றப்பட்டது. பாத் என்ற அமெரிக்க நிறுவனம் அரசுத் துறைகளோடு சேர்ந்து நடத்திய ஆய்வுத் திட்டம் அது. குஜராத்தின் வடோதராவிலும் நடந்தது. கம்மத்துப் பிள்ளைகளில் பலர் வறிய பழங்குடிக் குடும்பத்தவர். விடுதியில் தங்கிப் படித்தவர்கள்.

ஏழு சிறுமிகள் இறந்ததால் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஒருத்தி நீரில் மூழ்கியும் ஒருத்தி பாம்பு கடித்தும் இறந்திருந்தார்கள். மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாகத் தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் சம்மதப் படிவங்களைப் புரட்டியபோது வேறொன்று வெளிவந்தது. ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிப் பொறுப்பாளர்கள். 1,948இல் இருந்தது பெருவிரல் அடையாளம். 2013இல் இந்திய நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

உம்மா வாப்பாவுக்குத் தெரியாமலே பிள்ளையின் கையில் ஊசி. வாசித்தபோது எனக்கு அந்த எண்களை விட அந்த விடுதிதான் மனதில் நின்றது.

தடுப்பூசி நல்லதுதான். இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவியருக்கு அதைக் கொடுக்கிறார்கள். அது நோய்த்தடுப்புத் திட்டம். பயன் தெரிந்த பின் தருவது. ஆய்வு அப்படியல்ல. விடை தெரியாத ஒரு கேள்விக்காக நம் உடலைக் கேட்கிறார்கள். வளரும் உடம்பு பெரியவர்களின் உடம்பு போன்றதல்ல என்பதால் நம் வயதினரும் ஆய்வுகளில் தேவைப்படுகிறார்கள்.

நாளை புளியங்கூடலில் ஒரு பாடசாலைக்கு இரத்த மாதிரி எடுக்க ஆய்வுக்குழு வந்தால் என்ன நடக்க வேண்டும்? முதலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இருப்பது போன்ற ஒழுக்கநெறிக் குழு ஒன்று அனுமதித்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழென்றால் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதிபர் பாடசாலைக்குள் வர விடலாம். பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது. அதோடு பிள்ளையிடமும் தனியே கேட்க வேண்டும். உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனமும் இதையே சொல்கிறது: விளங்கிக்கொள்ளக்கூடிய பிள்ளை மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும். வாப்பா "ஓம்" என்றாலும் நாம் "வேண்டாம்" எனலாம். இடையில் விலகலாம். விலகியதற்காகச் சிகிச்சையைக் குறைக்க முடியாது.

தகவல் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவோடு இருந்து வாசியுங்கள். பாதிப்பு வந்தால் செலவு யாருடையது, பெயர் வெளிவருமா என்று கேளுங்கள். பலரும் கேட்க மறப்பது ஒன்று உண்டு: மிஞ்சும் இரத்தத்தை என்ன செய்வார்கள்?