ஈதலும் ஏற்றலும்: கரிமச் சூரிய மின்கலத்திற் சிறுமூலக்கூறுகளின் அமைப்பு

ஒரு கலைச்சொல் தன் துறைச் செய்தியைச் சுமக்க வல்லதா என்பதை, அச்செய்தியை முற்ற விளக்கிப் பார்த்தே துணிதல் வேண்டும். சொற்பட்டியலை மட்டும் நோக்கித் துணிதல் சாலாது. இதனை உளங்கொண்டு, கரிமச் சூரிய மின்கலத்திற்கென வேதியியலார் சிறுமூலக்கூறுகளை அமைக்கும் முறையை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இத்துறையில் டோனர், அக்செப்டர் என வழங்கும் இரண்டிற்கும் முறையே ஈவி, ஏற்பி என்னும் சொற்களை ஆளுகின்றோம். அதன் காரணம் இறுதியிற் கூறப்படும்.

சிலிக்கனில் ஒளி பட்டவுடன், நிலைபெயர்ந்த எலெக்ட்ரானும் அது நீங்கிய இடமாகிய துளையும் எளிதிற் பிரிந்து செல்லும். கரிமப் பொருளில் அவ்வாறன்று. சிலிக்கனின் மின்காப்பு மாறிலி ஏறத்தாழ 12. கரிமப் பொருள்களுக்கோ அது பெரும்பாலும் 3 அல்லது 4 அளவினது. இம்மாறிலி குறையுமிடத்து நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் ஒன்றையொன்று ஈர்க்கும் விசை மிகும். ஆதலின் எலெக்ட்ரானும் துளையும் பிரியாது இணையாகவே நிற்கும். இவ்விணைக்கு எக்சிட்டான் என்பது பெயர். ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவு செல்வதற்குள் இதனைப் பிரிக்காவிடின், பெற்ற ஆற்றல் வீணே கழியும்.

பிரிப்பதற்கு ஒரு பொருள் போதாது. இரு பொருள்கள் வேண்டும். 1986-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர் சிங் டாங், செம்புத் தாலோசயனினையும் பெரிலீன் வழிப்பொருள் ஒன்றையும் இரண்டு மென்படலங்களாக அமைத்து, ஏறத்தாழ 1 விழுக்காட்டுத் திறன் பெற்றதை வெளியிட்டார். அவ்விரண்டும் சிறுமூலக்கூறுகளே என்பது கருதத்தக்கது. பின்னர் 1990-களில், படலங்களை அடுக்குவதை விடுத்து ஈவியையும் ஏற்பியையும் ஒன்றாகக் கலந்து பரப்பும் முறை எழுந்தது. எங்கு எக்சிட்டான் தோன்றினும் அதன் அருகே ஓர் எல்லை கிடைத்தல் அம்முறையின் பயன்.

இனி, ஈதல் நிகழும் வகையைக் காண்போம். ஒவ்வொரு மூலக்கூறிலும் எலெக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளுள் மிக உயர்ந்தது ஒன்றும், நிரம்பாத நிலைகளுள் மிகத் தாழ்ந்தது ஒன்றும் உண்டு. அவற்றை நிறைநிலை, வெற்றுநிலை என்போம். ஈவி ஒளியை உண்டால், அதன் வெற்றுநிலைக்கு ஏறிய எலெக்ட்ரான் அதனினும் தாழ்ந்த ஏற்பியின் வெற்றுநிலைக்கு இறங்கும். ஏற்பியே ஒளியை உண்டால், அதன் நிறைநிலையில் தோன்றிய துளையை நிரப்ப ஈவியின் நிறைநிலையிலிருந்து ஓர் எலெக்ட்ரான் இறங்கும். இருவழியிலும் எலெக்ட்ரான் செல்வது ஈவியிலிருந்து ஏற்பிக்கே. அதுவும் உயர்விலிருந்து தாழ்விற்கே.

இவ்விறக்கத்திற்கு விலை உண்டு. மின்கலம் தரும் மின்னழுத்தம், ஈவியின் நிறைநிலைக்கும் ஏற்பியின் வெற்றுநிலைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. இறக்கம் மிகுந்தால் பிரிவு எளிதாகும். ஆயின் மின்னழுத்தம் குறையும். வேண்டிய அளவே இறக்கி, வேண்டாத இழப்பைத் தவிர்த்தலே அமைப்போர் முன்னுள்ள முதற் சிக்கல்.

நெடுங்காலம் ஃபுல்லரீன் வழிப்பொருள்களே ஏற்பியாக வழங்கின. அவை காணுறும் ஒளியைக் குறைவாகவே உண்பன. ஆற்றல்நிலைகளை விரும்பியவாறு மாற்றவும் எளிதில் இடந்தாராதன. 2015-இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் ஜான் சியாவ்வெய் குழுவினர் ஐ.டி.ஐ.சி. என்னும் ஏற்பியை வெளியிட்டனர். எலெக்ட்ரான் செறிந்த வளையத்தொடர் நடுவிலும், எலெக்ட்ரானை இழுக்கும் தொகுதிகள் இரு முனைகளிலும் நிற்பது அதன் அமைப்பு. நடுவண் தள்ள முனைகள் இழுத்தலின், நிறைநிலைக்கும் வெற்றுநிலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கி, மூலக்கூறு செந்நிற ஒளியையும் உண்ணும். பக்கத்தே நீட்டிய கிளைகள் மூலக்கூறுகள் அளவிறந்து ஒட்டாமற் காப்பதோடு, கரைப்பானிற் கரையவும் உதவுகின்றன.

2019-இல் சீனத்துச் சாங்சா நகரின் மத்தியத் தென் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சோ யிங்பிங்கும் உடனாய்ந்தோரும் வெளியிட்ட ஒய்6 என்னும் ஏற்பி, நடுத்தொடரின் உள்ளும் எலெக்ட்ரான் குறைந்த ஓர் உறுப்பைக் கொண்டது. முனைகளில் ஃபுளூரின் அணுக்களைத் தாங்கியது. அதனாற் பெற்ற திறன் 15.7 விழுக்காடு. ஈவியின் நிறைநிலைக்கும் இதன் நிறைநிலைக்கும் வேறுபாடு சிறிதாயினும் பிரிவு நன்கு நிகழ்ந்தமை, பேரிறக்கம் இன்றியமையாதது என்ற முன்னைக் கருத்தை ஐயுறச் செய்தது. இவ்வழியில் வந்த ஆய்வுக்கூடச் சிறு கலங்கள் பின்னர் 19 விழுக்காட்டையும் கடந்தன.

சிறுமூலக்கூறின் தனிச்சிறப்பு, அதன் வரையறுத்த நிறையாகும். பலபடியின் சங்கிலி நீளம் ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறுபடக்கூடும். சிறுமூலக்கூறிற்கு அக்குறை இல்லை. ஆயினும் நடுத்தொடரையும் முனையையும் இணைக்கும் இரட்டைப் பிணைப்பு ஒளியால் தாக்குறுவதும், தயாரிப்புப் படிகள் பலவாதலும் தீராத இடர்களாக உள்ளன.

இனிச் சொல்லாட்சிக்கு வருவோம். தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் வேறுபடுத்துவர். இரப்போன் தாழ்ந்தவனாயின் ஈ என்றும், ஒப்போனாயின் தா என்றும், உயர்ந்தோனாயின் கொடு என்றும் கூறுவான் என்பது அவர் கருத்து. ஏற்பியின் நிலைகள் ஈவியின் நிலைகளினும் தாழ்ந்தன. தாழ்ந்தது கேட்பது ஈதலையே. ஆதலின் கொடையாளி என்பதினும் ஈவி என்பது பொருந்துவதாம். முன்னோர் மின்னியல் அறிந்திருந்தனர் என்பது எம் கருத்தன்று. அவர் நுண்ணிதின் வகுத்த வேறுபாடு இன்றைய செய்திக்கும் இடந்தருகின்றது என்பதே எம் துணிபு.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒய்6 முழுமையாக ஓர் ஏற்பி. அதன் நடுத்தொடரையும் ஆங்கில நூல்கள் டோனர் என்றே வழங்கும். அந்நடுத்தொடர் தன் எலெக்ட்ரானை முனைகளின்பால் ஒதுக்குவதன்றி, முற்ற ஈந்துவிடுவதில்லை. இரண்டையும் ஒரு சொல்லாற் கூறின் மாணவர் மயங்குவர். ஆதலின் முழு மூலக்கூறை ஈவி, ஏற்பி என்றும், அதன் பகுதிகளை ஈயுறுப்பு, ஏற்புறுப்பு என்றும் பிரித்து வழங்குதல் தகும். மூலச்சொல்லில் உள்ள மயக்கத்தையும் உடன் பெயர்த்தல் மொழிபெயர்ப்பாளர் கடனன்று; அதனைத் தெளிவித்தலே கடனாம்.