விதை முளைக்காவிட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம்

நல்ல விதை போட்டால்தான் நல்ல மகசூல் கிடைக்கும் என்பது விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. ஆனால் காசு கொடுத்து வாங்கிய விதை முளைக்காமற் போனாலும், முளைத்தது வேறு ரகமாக இருந்தாலும், "நம் நேரம்" என்று இருந்துவிடுபவர்களே அதிகம். விதைக்குக் கொடுத்த பணம் மட்டுமா நஷ்டம்? உழவு, அடியுரம், ஆள்கூலி எல்லாம் வீண். பட்டமும் தவறிவிடுகிறது. இந்த நஷ்டத்தை விற்றவரிடமிருந்து பெறச் சட்டம் வழி செய்துள்ளது.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு

ஆந்திராவில் தேசிய விதைக் கழகத்திடம் விதை வாங்கிய விவசாயிகளுக்கு விளைச்சல் பொய்த்தது. அவர்கள் நுகர்வோர் மன்றத்திற்குச் சென்றனர். விதைக் கழகம் மத்திய அரசின் நிறுவனம். விவசாயி லாபத்திற்காகப் பயிர் செய்வதால் அவர் நுகர்வோர் அல்ல என்றும், விதைச் சட்டம் தனியாக இருப்பதால் நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்க முடியாது என்றும் கழகம் வாதாடியது. இரண்டு வாதங்களையும் 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது.

அந்தத் தீர்ப்பில் இன்னொரு முக்கியமான விஷயமும் உண்டு. வாங்கிய விதை முழுவதையும் விவசாயி விதைத்துவிடுகிறார். பின்னால் வழக்கு வரும் என்று எண்ணி யாரும் ஒரு பங்கை எடுத்து வைப்பதில்லை. ஆகவே, பரிசோதனைக்கு விதை கொடுக்கவில்லை என்பதற்காக மட்டும் விவசாயியின் புகாரைத் தள்ள முடியாது. அதே குவியலைச் சேர்ந்த விதை கம்பெனியிடம் இருக்கும். அதைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கலாம் என்று கோர்ட் கூறியது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

சான்று பெற்ற விதை மூட்டையில் நீல நிற அட்டை இருக்கும். ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அட்டையில் ரகம், குவியல் எண், பரிசோதனை செய்த தேதி, காலாவதி தேதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முளைப்புத் திறன் நெல்லுக்கு 80 சதவீதம், உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70 சதவீதத்திற்குக் குறையக் கூடாது.

1983-ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, விதை வியாபாரி ரசீது தர வேண்டும்; இருப்பும் விலையும் எழுதிய பலகையும் வைக்க வேண்டும். ரசீதில் ரகமும் குவியல் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ரசீது தர மறுப்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. யூரியா கேட்டால் வேறு மருந்தையும் சேர்த்து வாங்கினால்தான் தருவோம் என்று கட்டாயப்படுத்துவதும் இச்சட்டப்படி தவறு.

விதைப்பதற்கு முன் 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். குறைவாக முளைத்தால் விதைக்காமல் கடைக்காரரிடம் திருப்பிவிடலாம்.

பயிர் பொய்த்தால்

பயிரை உடனே உழுதுவிடக் கூடாது. அதுவே முக்கிய சாட்சி. வேளாண்மை உதவி இயக்குநருக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, வயலைப் பார்வையிட்டு அறிக்கை தரும்படி கேட்க வேண்டும். "விதை நல்லதுதான், தண்ணீர் பாய்ச்சியது சரியில்லை" என்பதே விற்றவர் சொல்லும் வழக்கமான பதில். அதே வயலில் வேறு விதை போட்ட பாத்தி நன்றாக இருந்தால், அதையும் அறிக்கையில் எழுதச் சொல்ல வேண்டும். ரசீது, காலிப் பை, அட்டை, வயலின் புகைப்படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பின்னர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. 2019-ம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபின், குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க முடிகிறது. கம்பெனி ஆபீஸ் சென்னை வடபழனியில் இருந்தாலும், திண்டிவனத்து விவசாயி விழுப்புரத்திலேயே வழக்குப் போடலாம். வடபழனியில் மாடித் தோட்டத்திற்குக் கத்தரி விதை வாங்குபவருக்கும் இதே உரிமை உண்டு. புகார் செய்யும் முறை தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

விலை அதிகமானால்

தரம் சரியாக இருந்தும் விலை அதிகமாக இருப்பது வேறு விஷயம். பி.டி. பருத்தி விதை 450 கிராம் பொட்டலத்திற்குத் தொழில்நுட்பக் கட்டணம் மட்டுமே 1,250 ரூபாய் வாங்கப்பட்டது. ஆந்திர அரசு ஏகபோக வணிக ஆணையத்தில் முறையிட்டது. 2006 மே மாதம் ஆணையம் கட்டணத்தைக் குறைக்க உத்தரவிட்டது. பொட்டலத்தின் விலை 750 ரூபாயாக இறங்கியது. அந்த ஆணையத்தின் இடத்தில் இப்போது இந்தியப் போட்டி ஆணையம் இருக்கிறது. அது 2016-ல் இதே தொழில்நுட்பம் பற்றி விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் காப்புரிமை விஷயத்தைக் காப்புரிமைச் சட்டப்படியே பார்க்க வேண்டும் என்று 2023-ல் டில்லி ஹைகோர்ட் கூறிவிட்டது. தனி விவசாயியால் விலையை எதிர்த்து நிற்பது கடினம். 2006-ல் ஓர் அரசே முன்வந்ததால்தான் விலை இறங்கியது.

தரக் குறைவு அப்படியல்ல. ஒரு விவசாயி தனியாகவே வழக்காடி வெல்லலாம். அதற்கு வேண்டிய முதல் ஆதாரம் ரசீது. ஆகவே இந்தப் பட்டத்திற்கு விதை வாங்கும்போது, தெரிந்த கடையானாலும் ரசீது இல்லாமல் வாங்க வேண்டாம்.